ஒழுங்கைக் கடைக்கு எட்டுப் பேர்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் பெரிய பெயர் இல்லாத, ஒழுங்கைக்குள் ஒதுங்கி நிற்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கூட்டாளிமாரோடு போவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கொட்டாஞ்சேனையில் ஐந்து மேசை மட்டும் உள்ள ஒரு கொத்து ரொட்டிக் கடைக்குச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எட்டுப் பேராகப் போனோம். ஒன்றே கால் மணித்தியாலம் காத்திருந்தோம். வந்த கொத்து சொதசொதவென்று இருந்தது. தனியே போனால் அதே கடையில் அருமையாக இருக்கும். எங்கே பிழை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

நேரமும் பிழை, ஓடரும் பிழை. அந்த அளவுக் கடையில் கல் ஒன்று, கொத்துகிறவர் ஒருவர். ஒரு தடவையில் இரண்டு ஃபுல் கொத்துத்தான் அந்தக் கல்லில் ஒழுங்காகப் போடலாம். வெங்காயம், லீக்ஸ், கோவா, கரட் வதக்கி, முட்டை உடைத்துக் கிளறி, ரொட்டியும் இறைச்சியும் போட்டுக் கொத்தி, குழம்பு விட்டு இறக்க ஆறேழு நிமிடம் பிடிக்கும். எட்டுப் பேரும் கோழி, மாடு, முட்டை, சீஸ், டொல்பின் (பெயர்தான், டொல்பின் இறைச்சி அல்ல) என்று எட்டு விதம் சொன்னால் அவர் எட்டுத் தடவை கொத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் கல்லைச் சுரண்ட வேண்டும். உங்கள் மேசைக்கு மட்டுமே ஐம்பது நிமிடம் போய்விடும். இரவு ஏழரைக்குப் பிறகு வாசலில் டெலிவரிப் பையன்களும் வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய ஓடரும் அதே கல்லில்தான்.

சொதசொதப்பு வருவது அவசரத்தால். வரிசையை முடிக்க நாலைந்து கொத்துக்கான மரக்கறியை ஒன்றாகக் குவித்தால் கல்லின் சூடு இறங்கிவிடும். மரக்கறி வதங்காது, தண்ணீர் விடும். குவியல் தடிப்பாக இருப்பதால் ஆவி வெளியேற வழியில்லை. அந்தத் தண்ணீரை ரொட்டி குடிக்கும், மேலே குழம்பும் விழும். ரொட்டியிலும் ஒரு சங்கதி உண்டு. கொத்துக்கு ஆறிய ரொட்டிதான் சரி. பின்னேரமே சுட்டு அடுக்கி வைத்தது கொத்துகிற தகட்டுக்குத் துண்டு துண்டாக வெட்டுப்படும். கூட்ட நேரத்தில் அந்த அடுக்கு முடிந்து, அப்போதுதான் சுட்டதைச் சூட்டோடு கொத்தினால் மா பசைபோல் இழுபடும். நீங்கள் சாப்பிட்டதில் இரண்டும் சேர்ந்திருக்கக் கூடும்.

அடுத்த தடவை ஆறரைக்குப் போய் உட்காருங்கள். ஆறு மணிக்கே போனால் கல் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும், நடு கருகி ஓரம் பச்சையாக வரும். சில ரொட்டி சுட்டு இறங்கிய பிறகு கொத்துக் கேட்பதுதான் புத்தி. முதல் நாளே போன் பண்ணி மூன்று விஷயம் கேளுங்கள்: எட்டுப் பேருக்கு மேசை சேர்த்துத் தருவார்களா, வழமையாகக் கொத்துகிறவர் அன்று நிற்கிறாரா, மேல் மாடியில் குடும்ப அறை இருக்கிறதா. இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு ஆளின் கையில் நிற்கும் கடைகள் இவை. அவர் லீவு என்றால் நாளை மாற்றுவதே நல்லது.

ஓடரை ஆளுக்கொன்று என்று சொல்லாமல் கல்லின் கணக்கில் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் ஒரு ஃபுல் இரண்டு பேருக்குத் தாராளம். எட்டுப் பேருக்கு நான்கு ஃபுல், இரண்டே விதம், இரண்டு தடவையில். மரக்கறிக் கொத்து உண்டென்றால் அது முதலில், கல் சுத்தமாக இருக்கும்போது. சீஸ் கொத்து கடைசியில். பாலும் சீசும் கல்லில் அடிப்பிடிக்கும், அதற்குப் பின்னால் வருகிற எல்லாவற்றிலும் அந்தக் கருகல் வாடை ஏறும். குழம்பைப் புறம்பாகக் கோப்பையில் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு தட்டு வந்ததும் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடத் தொடங்குங்கள். எட்டுத் தட்டும் ஒன்றாக வரட்டும் என்று பார்த்திருந்தால் முதல் தட்டு ஆறி இறுகிவிடும்.

தெரியாத கடை ஒன்றை நம்பி எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போக முன் எப்படிச் சோதிப்பது? இணையத்தில் நட்சத்திரம் நாலரை என்று போட்டிருக்கிறது.
– வாசகி, வெள்ளவத்தை

நட்சத்திரத்தை விட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் போட்ட படங்களின் திகதியைப் பாருங்கள். விலைப்பலகைப் படம் 2022இற்கு முந்தியது என்றால் அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அந்த வருட விலையேற்றத்துக்குப் பிறகு எந்தக் கடையிலும் பழைய விலை இல்லை. டெலிவரி அப்பில் உள்ள விலையும் கடை விலையும் வேறு. அப்புக்குக் கொடுக்கும் கழிவைச் சேர்த்துத்தான் பல கடைகள் அதில் விலை போடுகின்றன.

நேரில் பார்க்க ஒருவரோ இருவரோ முன்கூட்டிப் போய் ஒரு பிளேன்ரீயும் ஒரு றோல்சும் எடுத்தால் போதும். ஆனால் கூட்டமாகப் போக நினைக்கும் அதே நேரத்தில் போக வேண்டும். பகல் சோற்றுக்குப் பேர்போன கடை இரவில் வேறு கடை. கண்ணாடிப் பெட்டியில் கறிச் சட்டிகளின் ஓரத்தைப் பாருங்கள். பருப்பு ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தால், மீன் குழம்பில் எண்ணெய் ஆடையாகப் படிந்திருந்தால், காலையில் வைத்தது அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம். விற்பனை ஓடுகிற கடையில் சட்டி சின்னதாக இருக்கும், உள்ளேயிருந்து திரும்பத் திரும்ப நிரம்பி வரும். பொரிக்கும் தாச்சியில் எண்ணெய் கறுத்து, பொரியல் போட்டதும் நுரை மேலே பொங்கி நின்றால் பொரியல் பக்கமே போகாதீர்கள். மற்றது எல்லாம் நன்றாக இருக்கலாம், அது வேறு.

கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா, கழிவறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல ஒழுங்கைக் கடைகளில் கழிவறை கிடையாது, அல்லது சமையலறைக்குள்ளால் போக வேண்டும். பெண்களும் வயதானவர்களும் வரும் கூட்டத்துக்கு இது சாப்பாட்டின் ருசியை விட முந்திய கேள்வி.

எது கடையின் கைவந்த சாப்பாடு என்று அறிய ஒரு குறுக்கு வழி: மற்ற மேசைகளில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப இருந்தால் அதுதான். பட்டியலில் சைனீஸ், இந்தியன், தாய் என்று எண்பது வகை இருந்தாலும் அடுப்பு இரண்டுதான். வெள்ளவத்தையில் இடியப்பமும் சொதியும் நன்றாகப் போடுகிற கடையில் போய் நூடில்ஸ் கேட்டுவிட்டு, கடை சரியில்லை என்று சொல்வது கடைக்குச் செய்யும் அநியாயம். கொம்பனித்தெருப் பக்கம் மலாய்ச் சாப்பாடு போடும் சின்னக் கடைகளில் நாசி கோரெங்கும் (மலாய் வறுத்த சோறு) பிட்டோடு பாபத்தும் (மாட்டு இரைப்பைக் கறி) கேட்க வேண்டும். புதுக்கடையில் அப்துல் ஹமீத் வீதிப் பக்கம் போகிறவர்கள் இருட்டிய பிறகே போக வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் சைவம், ஒருவர் ஹலால் மட்டும், ஒருவர் மாடு சாப்பிடமாட்டார். எல்லோருக்கும் ஒரே கடையில் முடியுமா?
– வாசகர், தெஹிவளை

முடியும். ஆனால் “மரக்கறி” என்ற பலகையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

கொழும்பில் சைவக்காரருக்குப் பெரிய பொறி மாசிக் கருவாடு. கட்டச்சம்பல், சீனிச்சம்பல், பல கடைகளில் தேங்காய்ச் சம்பல், சில கடைகளில் பருப்பு, கீரைச் சுண்டல் வரை இடித்த மாசி விழும். போடுகிறவர்களுக்கு அது மீன் அல்ல, தூள் மாதிரி ஒரு சரக்கு. ஆகவே “மீன் இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “மாசி போட்டதா?” என்று கேளுங்கள். சிங்களக் கடையில் “உம்பலகட” என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மரக்கறிக் கொத்தில் சொல்லாமலே முட்டை விழும். முட்டையும் வேண்டாமென்றால் ஓடர் கொடுக்கும்போது ஒரு தடவை, கொத்துகிறவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். குழம்பு கோழிக் குழம்பாகத்தான் இருக்கும், அதற்குப் பதில் பருப்போ சொதியோ கேட்கலாம். பிரைட் ரைசிலும் நூடில்சிலும் சிக்கன் பவுடரும் சிப்பிச் சோசும் சேரும். மரக்கறி றோல்ஸ், மீன் றோல்ஸ், கட்லட் மூன்றும் ஒரே எண்ணெயில், ஒரே இடுக்கியில். இதையெல்லாம் சகிக்க முடியாத ஆசாரமானவர் கூட்டத்தில் இருந்தால் முழுக்கூட்டமும் சைவக் கடைக்குப் போவதுதான் மரியாதை. தோசை, வடை, இடியப்பத்துக்கு அசைவக்காரர் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

ஹலால் விஷயத்தில் சின்னக் கடைகளில் சான்றிதழைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முஸ்லிம் முதலாளியின் கடை என்ற நம்பிக்கையில்தான் சனம் சாப்பிடுகிறது. உங்கள் சிநேகிதருக்கு அது போதுமா என்று அவரிடமே முதலில் கேளுங்கள், அவருக்காக நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். முஸ்லிம் கடையில் மாடு சாப்பிடாதவருக்குள்ள கஷ்டம் கல்தான். அதே கல்லில் மாட்டுக் கொத்தும் போடுவார்கள். “நானா, கல்லைக் கழுவிப்போட்டு முதல்ல எங்கட மரக்கறியைப் போடுங்க” என்று தன்மையாகச் சொன்னால் தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிட்டுப் போடுவார்கள். எட்டரை மணி நெருக்கத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை. சீக்கிரம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் ஒரு தட்டு நிறைய றோல்ஸ், கட்லட், பற்றிஸ் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் பதினொன்று என்று பில் வந்தது, நாங்கள் ஒன்பது என்றோம். சண்டை வராமல் என்ன செய்வது?
– வாசகர், மருதானை

இது ஏமாற்று அல்ல, நாட்டு வழக்கம். தட்டை வைப்பார்கள், சாப்பிட்டதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். இரண்டு பேர் இருந்தால் கணக்குத் தவறாது. எட்டுக் கை நீளும் மேசையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சிலவேளை நடுவில் தட்டை நிரப்பியும் வைப்பார்கள். தட்டு வந்ததும் அங்கேயே வெயிற்றருக்குக் கேட்கத்தக்கதாக எண்ணுங்கள்: “தம்பி, பன்னிரண்டு இருக்கு.” நிரப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது புதுத் தட்டாக வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் தொட்டு வைத்ததைச் சாப்பிட்ட கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம், அடுத்த மேசைக்கு அது போகக் கூடாதல்லவா. நீங்களும் நாலு பேர் பார்த்துத் தடவிய பற்றிசைச் சாப்பிட விரும்பாவிட்டால் தட்டைத் திருப்பிவிட்டு, பெட்டியிலிருந்து இத்தனை தாருங்கள் என்று கேட்கலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மேசையில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான். மூடி திறந்தால் காசு.

அப்பத்துக்குப் போனால் எட்டுப் பேருக்கு எத்தனை சொல்வது?
– வாசகி, பம்பலப்பிட்டி

ஆளுக்கு இரண்டு சாதா, ஒரு முட்டை. ஆக இருபத்துநாலு. ஆனால் ஒன்றாகச் சொல்லாதீர்கள். நாலு அடுப்பு வைத்திருக்கும் கடையில் ஒரு அப்பத்துக்கு மூன்று நிமிடம் என்றால் இருபத்துநாலும் முடிய இருபது நிமிடம் போகும், முதலில் வந்தவை அதற்குள் தொய்ந்துவிடும். மொறுமொறுத்த ஓரம் சில நிமிடம்தான் நிற்கும். எட்டு எட்டாக மூன்று தடவை கேளுங்கள், முட்டையப்பத்தை நடுத் தடவையில். நடு வேகாமல் ஈரமாகவும் ஓரம் கருகியும் வந்தால் நெருப்பு கூட. கடித்ததும் சவர்க்கார வாடை அடித்தால் அப்பச்சோடா கூட, அதற்கு மருந்து இல்லை, இடியப்பத்துக்கு மாறுங்கள்.

சஹன் ஒன்று எத்தனை பேருக்கு?
– வாசகர், தெமட்டகொடை

ஐந்து அல்லது ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுகிற பெரிய புரியாணித் தட்டு. எட்டுப் பேருக்கு ஒன்று காணாது, இரண்டு மிஞ்சும். ஒரு சஹனும், புறம்பாக இரண்டு புரியாணிப் பார்சலும் சொல்வதே கணக்கு. முதல் நாளே ஓடர் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டியவை: கோழி முழுதாகவா துண்டாகவா, ஆடா மாடா, புதினாச் சம்பலும் அச்சாறும் சேர்த்தா, வட்டிலப்பம் விலைக்குள்ளா வெளியிலா. ஒரே தட்டில் கை வைக்கப் பழக்கமில்லாதவர்கள் இருந்தால், தொடங்க முன் கரண்டியால் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

நண்டுக் கறி சொன்னோம். விலை கேட்கவில்லை. பில்லைப் பார்த்து எல்லோருக்கும் வியர்த்துவிட்டது.
– வாசகர், வெள்ளவத்தை

பட்டியலில் விலைக்குப் பதிலாக “நாள் விலை” என்று இருந்தால் கேட்காமல் சொல்லக் கூடாது. கேட்க வேண்டியது ஒன்றல்ல, மூன்று: கிலோ என்ன விலை, சமைக்க முன் நிறையா பின் நிறையா, கூலி புறம்பா. நிறுக்கும்போது ஒருவர் எழுந்து போய்ப் பாருங்கள். நண்டின் அடிவயிற்று ஓட்டைப் பெருவிரலால் அழுத்தினால் இறுக்கமாக நிற்க வேண்டும். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதை குறைந்து தண்ணீர்தான் இருக்கும். அளவில் பெரிதாகவும் கையில் பாரமில்லாமலும் இருப்பதை எடுக்க வேண்டாம்.

சமைக்க முப்பது, நாற்பது நிமிடம் வேண்டும். வந்து உட்கார்ந்த கையோடு நண்டைச் சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு யோசியுங்கள். பிட்டோடு சாப்பிட்டால் எட்டுப் பேருக்கு இரண்டு கிலோ போதும். குழம்பு கூடத் தரச் சொல்லுங்கள், உண்மையில் பிட்டுக்கு வேண்டியது அதுதான். நண்டு, இறால் ஒவ்வாதவர் யாரும் இருந்தால் நண்டு கிளறிய கரண்டி மற்றக் கறிக்குள் போகாமல் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பில்லில் சேர்விஸ் சார்ஜ், வற், கார்ட்டுக்கு மூன்று வீதம் என்று மூன்று சேர்ந்திருந்தன. எல்லாம் கட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், கொழும்பு 13

மூன்றும் மூன்று ஜாதி. 10% சேர்விஸ் சார்ஜ் அரசாங்க வரி அல்ல, கடை போடுவது. பட்டியலில் அறிவித்திருந்தால் கட்டத்தான் வேண்டும், அதற்கு மேல் ரிப்ஸ் வைப்பது உங்கள் விருப்பம். வற் 2024 ஜனவரியிலிருந்து 18%. அதைப் பதிவு செய்த கடை மட்டுமே அறவிடலாம், பில்லில் பதிவிலக்கம் இருக்க வேண்டும். ஐந்து மேசைக் கடையின் பில்லில் இலக்கமில்லாமல் வற் இருந்தால் தன்மையாக இலக்கத்தைக் கேளுங்கள். கார்ட்டுக்கு மேலதிகமாக எடுப்பது கடை தன் வங்கியோடு செய்த உடன்பாட்டுக்கு மாறானது. சேர்த்தால் உங்கள் கார்ட் தந்த வங்கிக்கு முறையிடலாம்.

நடைமுறையில் சின்னக் கடைக்குக் காசோடு போங்கள், அல்லது லங்கா கியூ.ஆர். (போனால் காசு கட்டும் குறியீடு) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டுப் பேரும் எட்டாகப் பில் கேட்பது காசாளரை வருத்துகிற வேலை. ஒருவர் கட்ட, மற்றவர்கள் அங்கேயே போனில் அவருக்கு அனுப்பிவிடட்டும். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்கிறவரிடம் காசு எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர்ப் போத்தலுக்கு அதில் அச்சிட்ட விலையை விடக் கூட எடுத்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

எந்த நாளில் போகக் கூடாது?
– வாசகி, கிராண்ட்பாஸ்

வெள்ளி பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றரை வரை முஸ்லிம் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்கு மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அநேகமானவை திறப்பதில்லை, இரவில் நெடுநேரம் இருக்கும். புறக்கோட்டைச் சோற்றுக் கடைகளை ஞாயிறில் நம்ப வேண்டாம். புதுக்கடையில் நீதிமன்ற நாட்களில் பகல் பன்னிரண்டரைக்கு மேசை கிடைக்காது, பதினொன்றே முக்காலுக்குப் போனால் கிடைக்கும். பகல் சோறு எங்கே என்றாலும் இரண்டு மணிக்குப் பிறகு மிச்சம் மீதிதான். ஆடிவேல் தேர் போகும் நாட்களில் காலி வீதியால் வாகனத்தில் வர நினைக்காதீர்கள். வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலே சுகம். கொட்டாஞ்சேனைக்குத் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு 102 பஸ் இருக்கிறது. எட்டுப் பேர் மூன்று காரில் வந்து ஒழுங்கையை அடைத்தால் அயல் வீட்டார் கடைக்காரரோடுதான் சண்டைக்கு வருவார்கள்.

சாப்பிட்ட அன்றிரவே ஐந்து பேருக்கு வாந்தி. கடைக்குச் சொல்வதா, வேறு யாருக்கும் சொல்வதா?
– வாசகர், மட்டக்குளி

முதலில் யார் எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று எட்டுப் பேருடையதையும் எழுதுங்கள். வருத்தம் வராத மூன்று பேர் தொடாத சாப்பாடு எதுவோ அதில்தான் சந்தேகம் விழும். ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி என்றால் பிரைட் ரைசை யோசிக்கலாம். காலையில் வடித்த சோற்றை வெளியில் ஆறப் போட்டு வைத்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூட்டில் வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சூடாக வந்ததே என்று சமாதானம் சொல்ல முடியாத சாப்பாடு அது. சிக்கன் கறி, மயோனைஸ் போன்றவற்றால் வருவது பெரும்பாலும் பிந்தித் தொடங்கும், காய்ச்சலும் வயிற்றோட்டமும் சேரும்.

கடைக்கும் சொல்லுங்கள், மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடைக்குள் போய்ப் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் உள்ளவர் அவர். பார்சல் மிச்சம் இருந்தால் எறியாமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், பில்லையும் வையுங்கள். அதற்கிடையில் ஜீவனி (வாந்தி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வாந்தியில் இரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் போகாமை, கூட்டத்தில் கர்ப்பிணியோ நீரிழிவுக்காரரோ இருத்தல், இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.